கஞ்சாச் செடி: பழைய தீர்ப்பும் புதிய விதையும்

குர்ஆனில் கஞ்சாவின் பெயர் இல்லை. அப்படியிருக்க அது எவ்வாறு ஹராமாகும்? பிள்ளைகள் கேட்கும் இக்கேள்வி 700 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. எகிப்திலும் சிரியாவிலும் ‘ஹஷீஷ்’ பரவியபோது, அது மதுவன்று, வெறும் இலைதான் என்று சிலர் வாதிட்டனர். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவ்வாதத்தை மறுத்தார்கள். ஹிஜ்ரி 794இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் ஸர்கஷீ (ரஹ்) இதற்கெனத் தனி நூலே எழுதினார்கள். பெயரை அன்று, அறிவை மயக்கும் தன்மையையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டார்கள்.

நம் நாட்டில் 1893-94இல் ஆங்கில அரசு அமைத்த ஆணையம், முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்றது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அந்நிலையை மாற்றியது. அனுமதியின்றிச் செடி வளர்த்தாலே 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இன்றோ, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் சில வாரங்களில் தானே பூக்கும் குட்டைக் கஞ்சாவைப் பசுமைக்குடிலில் எளிதாக வளர்க்கலாம் என்று இளைஞர்களுக்கு ஆசை காட்டப்படுகிறது. ‘ருடெராலிஸ்’ எனும் காட்டினத்தைக் கலந்து உருவாக்கிய வகை அது. விதை புதிது, மார்க்கத் தீர்ப்பு பழையதே. சட்டமும் கஞ்சாப் பேரினத்தின் எந்தச் செடிக்கும் விலக்களிக்கவில்லை.

உரிமமின்றி ஓர் அறையில் பட்டாசு மருந்து கலந்தவரிடம் “சிறிதளவுதானே” என்ற சமாதானம் செல்லாது என்பதைச் சிவகாசி வட்டாரக் குடும்பங்கள் நன்கறியும். இதுவும் அத்தகையதே.

பெற்றோர்களே, பிள்ளை வினவும்போது அதட்டி அடக்காதீர்கள், இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். அறிவு, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.