பாகத்திலிருந்து உயிலுக்கு: காஞ்சிபுரத்துக் குடும்பச் சொத்தின் வரலாறு

காஞ்சிபுரத்திலும் அதை ஒட்டிய ஏனாத்தூர் போன்ற கிராமங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை குடும்பச் சொத்து அடுத்த தலைமுறைக்குப் போன வழி பாகப்பிரிவினைதான், உயில் அல்ல. தென்னாட்டில் வழங்கிய மிதாட்சர நெறிப்படி பரம்பரைச் சொத்தில் மகனுக்குப் பிறவியிலேயே பங்கு உண்டு. தகப்பன் இறந்தால் அவருடைய பங்கு கூட்டுக் குடும்பத்தில் எஞ்சிய ஆண்களிடம் தானாகவே சேர்ந்துவிடும். தன் காலத்துக்குப் பிறகு இன்னாருக்கு இன்னது என்று எழுதிவைக்க அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. தானே சம்பாதித்த சுயார்ஜிதத்தின் நிலை வேறு. ஆனால் குடும்பப் பணத்தில் தொடங்கிய தொழிலில் எது பரம்பரையாக வந்த பிதுரார்ஜிதம், எது சுயார்ஜிதம் என்று பிரித்துக் காட்டுவது லேசான காரியமல்ல. அந்த ஒரு கேள்வியிலேயே பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கின்றன.

பிரிவினை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நடக்கும். யாருக்கு எது என்று எழுதும் சீட்டுக்குக் கூர்சீட்டு என்று பெயர். ஏரிப் பாசன நிலத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் விளைச்சல் வேறு. ஆகவே அளவு சமமாக இருந்தால் மட்டும் போதாது. மடை பார்த்துப் பங்கு போட வேண்டும். வீட்டைப் பிரிப்பதில் நடைவழி, கிணறு, பொதுச்சுவர் ஆகியவை பத்திரத்தில் தனித்தனி வரிகளைப் பிடித்துக்கொள்ளும். நெசவாளர் வீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. உடலும் கரையும் வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அந்தக் கை தம்பியுடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். பாகம் பிரிந்தால் வீட்டோடு வேலைக்கூட்டும் பிரியும். தறி இருக்கும் இடம் யாருக்கு என்பதைவிட அதில் யாரோடு யார் உட்காருவது என்பதே பெரிய கேள்வி. அதற்குக் கூர்சீட்டில் வரி கிடையாது.

சொத்தைக் குடும்பத்துக்கு வெளியே வைத்துக் காப்பாற்றும் வழி ஒன்று இந்த ஊருக்கு வெகுகாலமாகத் தெரியும். அது கோயில் தருமம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு காஞ்சிபுரத்து ஊரகத்துப் பெருமாள் கோயிலின் கணக்கைச் சொல்கிறது. கோயிலின் பொன் நகரத்துக் குடியிருப்புகளில் முதலாகக் கொடுத்துவைக்கப்பட்டது. அதன் வட்டியில் வழிபாடும் விழாவும் நடந்தன. கோயில் நிர்வாகப் பொறுப்பு அங்கே வாழ்ந்த பட்டசாலிகளிடம், அதாவது நெசவாளரிடம், ஒப்படைக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர் மறைந்தாலும் முதல் கரையாது. பொறுப்பு ஒரு தனி ஆளிடம் இல்லாமல் ஒரு குழுவிடம் இருந்தது. பிற்காலத்தில் பலர் உயில் எழுதியும் சாதிக்க முடியாமல் போனது இதுதான்.

உயில் சென்னைப் பட்டணத்து வழியாக வந்தது. 1726ஆம் ஆண்டுச் சாசனப்படி அமைந்த மேயர் நீதிமன்றத்துக்கு உயில்களை மெய்ப்பித்து நிர்வாகியை அங்கீகரிக்கும் அதிகாரம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு பழகிய துபாஷிகள் எனும் இருமொழித் தரகர்களும் வணிகர்களும் ஆங்கிலேயரைப் பார்த்து உயில் எழுதத் தொடங்கினார்கள். அவர்களில் பெயர் நிலைத்தவர் பச்சையப்ப முதலியார். 1754இல் பெரியபாளையத்தில் பிறந்த இவர் துபாஷியாகப் பெரும் பொருள் சேர்த்தார். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் திருப்பணிக்கு நிறையச் செலவிட்டவர். 1794 மார்ச் 22ஆம் தேதி கும்பகோணத்தில் உயில் எழுதி, சொத்தின் பெரும்பகுதியைக் கோயில் தருமங்களுக்கு விட்டார். அதே மாதம் 31ஆம் தேதி திருவையாற்றில் காலமானார்.

உயில் தெளிவாகத்தான் இருந்தது. நிறைவேற்ற வேண்டியவர்களைத் தட்டிக்கேட்க ஆள் இல்லை. உறவினரும் நிர்வாகிகளும் வழக்கில் இறங்க, பணம் தருமத்துக்குப் போகாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. கடைசியில் அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு விஷயம் வந்து, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் எடுத்த முயற்சியால் ஒரு வழி பிறந்தது. கோயில்களுக்கு உரியதை ஒதுக்கிய பிறகு, வட்டியாகச் சேர்ந்திருந்த உபரியைக் கல்விக்குச் செலவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. 1841இல் அறங்காவலர் குழு அமைந்தது. 1842 ஜனவரி முதல் தேதி சென்னையில் பச்சையப்பன் பள்ளி திறந்தது. இன்று காஞ்சிபுரத்திலும் அந்த அறக்கட்டளையின் கல்லூரிகள் இயங்குகின்றன. எழுதியவர் கோயிலை நினைத்தார், வழக்கறிஞர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். உயிலுக்கு இது வெற்றியா தோல்வியா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம்.

பட்டணத்து வழக்கத்தை வெளியூர்ச் சட்டம் உடனே ஏற்கவில்லை. சென்னை அரசின் 1829ஆம் ஆண்டு ஐந்தாவது ஒழுங்குவிதி, இந்துக்களின் உயில் இந்து சட்டத்துக்கு ஒத்துப்போகும் அளவுக்கு மட்டுமே செல்லும் என்று கறாராகச் சொன்னது. 1856இல் லண்டன் பிரிவி கவுன்சில், சென்னை மாகாண வழக்கொன்றில் இந்துவுக்கும் உயில் எழுதும் உரிமை உண்டு என்று ஏற்றது. புதிதாக அமைந்த சென்னை உயர் நீதிமன்றமும் 1863இல் அதையே பின்பற்றியது. உயிருடன் இருக்கையில் தானமாகக் கொடுக்கக்கூடியது எதுவோ, அதை உயிலிலும் எழுதலாம் என்பது அளவுகோலாயிற்று.

அதன் பிறகும் பட்டணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் சட்டம் ஒன்றாகவில்லை. 1870ஆம் ஆண்டு இந்து உயில் சட்டம் இம்மாகாணத்தில் சென்னை நகருக்கு மட்டுமே பொருந்தியது. வெளியூரில் வாய்மொழி உயிலும் செல்லும். சாகும் தறுவாயில் சொன்ன சொல்லைச் சாட்சிகள் நீதிமன்றத்தில் வந்து ஒப்பிப்பார்கள். 1927 ஜனவரி முதல் தேதியிலிருந்து எழுதும் இந்து உயில் எதுவானாலும் எழுத்தில், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று விதி வந்த பின்னரே அந்தப் பழக்கம் ஓய்ந்தது. நகரத்துச் சொத்துக்கு நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்கும் கட்டாயம் நெடுங்காலம் இருந்தது. காஞ்சிபுரத்துச் சொத்துக்கு அது இல்லை.

இந்தக் காலம் முழுவதும் குடும்பத்தின் உண்மையான சட்ட ஆலோசகர் பெரும்பாலும் வக்கீல் அல்ல, சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்த பத்திர எழுத்தர். பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலை எல்லாவற்றுக்கும் அவரிடம் வாசகம் தயாராக இருக்கும். பெயரும் நான்கெல்லையும் மட்டும் மாறும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அசையாச் சொத்தின் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கட்டாயம் பதியச் சொல்கிறது. உயிலைப் பதிவது விருப்பம். உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழியுண்டு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதைப் பிரிக்கமாட்டார்கள். வக்கீலிடம் போனவர்கள் பெரும்பாலும் சண்டை வந்த பிறகு போனவர்களே.

இந்த நிலையை மாற்றியது பெண்களின் பங்குரிமை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கணவன் பங்கில் ஆயுள்கால உரிமை தந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் மனைவியையும் மகனோடு முதல்நிலை வாரிசாக்கியது; அதே சட்டத்தின் 30ஆவது பிரிவு, கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பங்கையும் ஒருவர் உயிலில் எழுதலாம் என்றது. ஒரு கதவால் உள்ளே வந்த மகளை இன்னொரு கதவால் வெளியே அனுப்ப அந்தப் பிரிவு உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் உயில் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாடு மகளைப் பிறவிப் பங்குதாரராக்கியது, ஆனால் அதற்கு முன் மணமானவர்களை விலக்கிவைத்தது. 2005இல் மத்தியத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது; 2020இல் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்தபோது தகப்பன் உயிருடன் இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று தீர்த்தது. சீதனம் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லி அக்கா தங்கைகளிடம் அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரம் வாங்குவது இன்றும் நடக்கிறது.

1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வந்த ஏனாத்தூரைப் போல, நிலம் மனையாகும் ஊர்களில் கையெழுத்து விட்டுப்போன ஒரு வாரிசு போதும், விற்பனை நின்றுவிடும். அதனால்தான் முன்கூட்டியே வக்கீலை வைத்து எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் கொடுத்தால் கொடுத்ததுதான். வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்ற பெற்றோருக்காக 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவு வந்தது: பராமரிப்பதாக நிபந்தனையிட்டுக் கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது தீர்ப்பாயம் மீட்டுத் தரலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே வெளிப்படையாக இருக்க வேண்டுமா என்பது நீதிமன்றங்களில் பலமுறை எழுந்த கேள்வி. விவரம் தெரிந்த வக்கீல்கள் அதற்கு இடம் வைக்காமல், சாப்பாடு, மருத்துவம், அந்த வீட்டிலேயே ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமை மூன்றையும் பத்திரத்தில் பெயர் சொல்லி எழுதிவிடுகிறார்கள்.