கடுகு களவும் களவுதானா? - ஜெர்மனி சொல்லும் பதில்

கடுகு களவும் களவுதான், கற்பூரக் களவும் களவுதான் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கடுகைத் திருடியவருக்கும் கற்பூரத்தைத் திருடியவருக்கும் ஒரே தண்டனைதானா என்று கேட்டால், பழமொழி பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு ஜெர்மனியின் நீதிமன்றங்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வந்திருக்கின்றன. ஒரு துண்டு கேக், ஆறு கொழுக்கட்டைகள், கடையில் கிடந்த இரண்டு சீட்டுகள் ஆகியவற்றுக்காக அங்கே மனிதர்கள் வேலை இழந்திருக்கிறார்கள். அன்பர்களே, அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பசிக்குத் தனிச் சட்டம்

1871இல் ஜெர்மானியப் பேரரசு உருவானபோது நாடு முழுமைக்கும் ஒரே குற்றவியல் சட்டம் வந்தது. அதன்படி திருட்டுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. அப்போதே உண்பதற்காகக் கொஞ்சம் உணவுப் பொருளை எடுத்தவர் திருடராகக் கருதப்படவில்லை. அது ஒரு சிறு மீறல் மட்டுமே. 150 மார்க் வரை அபராதம் அல்லது குறுகிய காவல், அவ்வளவுதான். அதுவும் பொருளின் சொந்தக்காரர் புகார் கொடுத்தால்தான் வழக்கு. 'வாய்க்களவு' என்று பொருள்படும் ஒரு சொல்லால் மக்கள் இதைக் குறிப்பிட்டார்கள்.

இந்தச் சலுகை 1975இல் நீக்கப்பட்டது. வேலியோரத்து மரத்தில் ஒரு ஆப்பிளைப் பறித்தாலும் இன்று அது சட்டப்படி திருட்டுதான். எனினும், பொருளின் மதிப்பு குறைவாக இருந்தால், உரியவர் புகார் கொடுத்தாலோ, பொதுநலன் கருதி அரசு வழக்கறிஞர் அவசியம் என்று கருதினாலோ மட்டுமே வழக்கு நடக்கும். கடுகு வேறு, கற்பூரம் வேறு என்பதைக் குற்றவியல் சட்டம் இந்த அளவில் ஒப்புக்கொள்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு குளிரில் நடுங்கியபோது இதே கேள்வி தேவாலயத்திலும் எழுந்தது. 1946 டிசம்பர் 31ஆம் நாள் கொலோன் நகரப் பேராயர் கர்தினால் யோசப் ஃபிரிங்ஸ் ஒரு பிரசங்கம் செய்தார். உழைத்தும் கேட்டும் பெற வழியில்லாதபோது, உயிரையும் உடல்நலத்தையும் காக்கத் தேவையானதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் பேச்சின் சாரம். அளவு மீறியவர்கள் எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார். மக்கள் முதல் பாதியைத்தான் நினைவில் வைத்தார்கள். ரயில் வண்டியிலிருந்து நிலக்கரி எடுப்பதற்கு அவர் பெயரிலேயே ஒரு வினைச்சொல் பிறந்துவிட்டது!

மின்சாரத்தைத் திருட முடியுமா?

இன்னொரு வேடிக்கையான வழக்கையும் சொல்லியாக வேண்டும். மின்விளக்கு புதிதாக வந்த காலத்தில் சிலர் அடுத்தவர் இணைப்பிலிருந்து மின்சாரத்தை இழுத்துக்கொண்டார்கள். திருட்டு என்றால் கையால் எடுக்கக்கூடிய ஒரு 'பொருள்' இருக்க வேண்டும் என்றது சட்டம். மின்சாரம் அப்படிப்பட்ட பொருள் அல்ல என்று 1899இல் பேரரசின் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தண்டிக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றட்டும் என்பதே அதன் நிலை. மறு ஆண்டே, 1900இல், மின்சாரத்தை எடுப்பதற்குத் தனிச் சட்டம் வந்தது. எழுதப்படாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்ற கொள்கையை உலகச் சட்ட மாணவர்களுக்கு விளக்க இவ்வழக்கு இன்றும் பயன்படுகிறது. மின்சாரம் மீண்டும் ஒரு வழக்கில் வரப்போகிறது, நினைவில் வையுங்கள்.

வேலைச் சட்டத்தின் அளவுகோல் வேறு

இதுவரை பார்த்தது குற்றவியல் சட்டம். திருட்டு வேலையிடத்தில் நடந்தால், இன்னொரு சட்டமும் உள்ளே வருகிறது. 1900இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் தொகுப்பின் 626ஆவது பிரிவு, தக்க காரணம் இருந்தால் முன்னறிவிப்பின்றி உடனே வேலையை விட்டு நீக்கலாம் என்கிறது. விவரம் தெரிந்த இரண்டு வாரத்துக்குள் முதலாளி அதைச் செய்தாக வேண்டும்.

உடனடி நீக்கம் என்பது சாதாரண அடி அல்ல. ஒரே நிறுவனத்தில் இருபது ஆண்டு வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஏழு மாத முன்னறிவிப்பு உண்டு. அது போய்விடுகிறது. வேலையில்லாதோர் உதவித்தொகையும் பன்னிரண்டு வாரம் வரை நிறுத்தப்படலாம். எனவே, நீக்கப்பட்டவர் மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும். தவறினால், நீக்கம் செல்லுபடியாகிவிடும். முதற்கட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே தொழில்முறை நீதிபதி ஒருவரோடு, முதலாளிகள் தரப்பில் ஒருவரும் தொழிலாளர்கள் தரப்பில் ஒருவரும் அமர்ந்து தீர்ப்பு வழங்குவார்கள். இந்த நீதிமன்றங்களுக்கான சட்டம் 1926இல் பிறந்தது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். போலீஸ் வழக்கு இல்லையே, பிறகு எப்படி வேலை போகும் என்று கேட்கிறார்கள். குற்றவியல் நீதிமன்றம் நடந்த செயலைப் பார்க்கிறது. தொழிலாளர் நீதிமன்றமோ, இவரோடு இனியும் சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்று பார்க்கிறது. அதன் தராசில் இருப்பது நம்பிக்கை. அதனால், குற்றம் முழுமையாக நிரூபிக்கப்படாவிட்டாலும், வலுவான சந்தேகமே நீக்கத்துக்குக் காரணமாகலாம். ஆனால் சம்பந்தப்பட்டவரை முதலில் விசாரித்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஒரு துண்டு கேக்

1984 மே 17ஆம் நாள் கூட்டரசு தொழிலாளர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பல ஆண்டுகள் முதலாளிகளின் கையில் ஆயுதமாக இருந்தது. ஒரு பேரங்காடியின் உணவுப் பிரிவில் வேலை செய்த பெண், விற்பனைக்கு வைத்திருந்த கேக்கில் ஒரு துண்டை எடுத்து, பணம் கட்டாமல் சாப்பிட்டுவிட்டார். பொருளின் மதிப்பு எவ்வளவு சிறியதானாலும், அது உடனடி நீக்கத்துக்குக் காரணமாகக்கூடும் என்றது நீதிமன்றம். ஒவ்வொரு வழக்கிலும் இரு தரப்பு நலனையும் எடைபோட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் பின்வந்த பல வழக்குகளில் தராசின் முதல் தட்டே கீழிறங்கியது.

2009இல் கான்ஸ்டன்ஸ் நகர முதியோர் இல்லம் ஒன்றில் அது நடந்தது. பதினேழு ஆண்டு பணியாற்றிய பெண், மீந்துபோய்க் குப்பைக்குப் போகவிருந்த ஆறு கொழுக்கட்டைகளை எடுத்துக்கொண்டதற்காக நீக்கப்பட்டார். முதற்கட்ட நீதிமன்றம் நீக்கம் சரி என்றது. மேல்முறையீட்டில் 2010இல் சமரசம் ஏற்பட்டு, 42,500 யூரோ பெற்று அவர் விலகினார்.

ஒரு யூரோ முப்பது காசு

நாட்டையே பேச வைத்த வழக்கு பெர்லினில் நடந்தது. 'எம்மெலி' என்ற பெயரில் அறியப்பட்ட காசாளர் 1977 முதல் பேரங்காடியில் வேலை செய்தவர். ஜெர்மனியில் காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் முன்பணச் சீட்டு தருவார்கள். வாடிக்கையாளர் யாரோ தவறவிட்ட இரண்டு சீட்டுகள், 48 காசும் 82 காசும், கடையில் வைக்கப்பட்டிருந்தன. 2008 ஜனவரியில் தம் சாமான்களுக்குப் பணம் கட்டும்போது அவர் அவற்றைக் கொடுத்துக் கழித்துக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. தொகை 1.30 யூரோ. முப்பது ஆண்டு வேலை போயிற்று.

அவர் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதே உண்மையான காரணம் என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். கீழ் நீதிமன்றமும் 2009 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றன. நாடாளுமன்றத் துணைத் தலைவர் வோல்ஃப்காங் டியர்சே அத்தீர்ப்பை வெளிப்படையாகவே கண்டித்தார்.

2010 ஜூன் 10ஆம் நாள் கூட்டரசு தொழிலாளர் நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்தது. அவர் செய்தது சரி என்று அது சொல்லவில்லை. கடமை மீறல்தான் என்று உறுதியாகவே சொன்னது. ஆயினும் முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த நம்பிக்கை ஒரே தவறில் முழுவதும் கரைந்துவிடாது, எச்சரிக்கையே போதுமானது என்றது. எம்மெலி வேலைக்குத் திரும்பினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு தீர்ப்பு. பத்தொன்பது ஆண்டு வேலை செய்த ஒருவர், அலுவலக இணைப்பில் தம் மின்சார ஸ்கூட்டருக்கு மின்னேற்றியிருந்தார். செலவு 1.8 காசு. ஹாம் நகர மாநிலத் தொழிலாளர் நீதிமன்றம் அந்த நீக்கத்தையும் ஏற்கவில்லை. 1899இல் 'பொருள் அல்ல' எனப்பட்ட மின்சாரம் மறுபடியும் தராசில் ஏறியது. இம்முறை எதிர்த்தட்டில் பத்தொன்பது ஆண்டு உழைப்பு இருந்தது.

முடிவாகச் சொல்வது

இதைக் கேட்டு, சிறு பொருள் எடுத்தால் தப்பிக்கலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சிறு தொகைக்கும் வேலை போகலாம் என்ற விதி அங்கே இன்னும் இருக்கிறது. நேற்று சேர்ந்தவருக்கோ, திட்டமிட்டுத் திரும்பத் திரும்ப எடுத்தவருக்கோ எம்மெலி தீர்ப்பு கேடயம் ஆகாது.

அந்தத் தீர்ப்பு நமக்குக் காட்டுவது வேறு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று தொழிலாளிக்கு நாம் சொல்கிறோம். உழைத்தவரை முதலாளியும் நினைக்க வேண்டும் என்பதை எம்மெலி வழக்கு சட்டமாகவே எழுதிவிட்டது. கடுகு களவும் களவுதான். ஆனால் தீர்ப்புச் சொல்பவர், கடுகை மட்டும் நிறுத்துப் பார்த்தால் போதாது. அதை எடுத்த கை அதற்கு முன் எத்தனை ஆண்டு உழைத்தது என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.