மருந்து மலை – 7: ஆறாயிரம் தோட்டா

குன்னூரைத் தாண்டி ஊட்டிக்கு ஏறும் பாதையில், அருவங்காட்டில், 1903-04இல் எழுந்த வெடிமருந்து ஆலையின் வாசலில் சென்ற வாரம் நின்றோம். உள்ளே போவோம்.

அங்கே செய்தது கார்டைட். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலைன். மூன்றையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம்போலப் பிழிந்து உலர்த்துவார்கள். வெயிலில் நாளாக நாளாகக் கெடும் சரக்கு. மலைக் குளிர் அதற்குத் தோது. மின்சாரத்துக்குக் காட்டேரி அருவி இருந்தது.

அதே ஆண்டுகளில் உலக ராணுவங்களுக்கு ஒரு புது ஆசை பிடித்திருந்தது: தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல். ரிவால்வரில் ஒரு தோட்டா சொதப்பினால் விசையை மறுபடி இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்தது வந்துவிடும். பிஸ்டலிலோ சுட்ட தோட்டாவின் உதைப்புதான் காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்ற வேண்டும். மருந்து சோர்ந்தால் இயந்திரமும் சோரும். பழைய கரும்பொடியின் கரி படிந்தாலே சிக்கிக்கொள்ளும். ஆகவே பிஸ்டலைச் சோதித்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, மருந்தையும் சேர்த்தே சோதித்தார்கள்.

பிரிட்டனில் கேபட்-ஃபேர்ஃபாக்ஸ் செய்த ‘மார்ஸ்’ அசுர பலம் கொண்டது. காலிக் கூட்டைச் சுடுபவர் முகத்தை நோக்கியே எறியும்! ராணுவம் வேண்டாம் என்றது, செய்தவர் திவாலானார்.

அமெரிக்கர்கள் இன்னும் கண்டிப்பானவர்கள். 1911 மார்ச்சில் கோல்ட், சேவேஜ் என்ற இரண்டு பிஸ்டல்களுக்கும் ஆளுக்கு 6,000 தோட்டா. நூறு சுட்டதும் ஐந்து நிமிட ஓய்வு. ஆயிரம் ஆனதும் துடைத்து எண்ணெய். கொதித்தால் வாளித் தண்ணீரில் முக்கல். சேவேஜ் 37 முறை தடுமாறியது. பிரவுனிங் வடிவமைத்த கோல்ட்? ஒருமுறைகூட இல்லை. அந்த மாதம் 29ஆம் தேதியே அமெரிக்க ராணுவம் அதை ஏற்றது.

பிரிட்டிஷ் கடற்படை 1912இல் வெப்லி பிஸ்டலைத் தேர்ந்தது. அதன் தோட்டாவுக்குள் கார்டைட்தான்.

1914இல் போர் மூண்டது. பிஸ்டலுக்கு மட்டுமா, பீரங்கிக்கும் கார்டைட் வேண்டும். அதைப் பிசைய அசிட்டோன் வேண்டும். அது மரத்தை வாட்டி எடுப்பது. பிரிட்டன் பெரிதும் அமெரிக்காவையே நம்பியிருந்தது.

மான்செஸ்டரில் ஹைம் வெய்ஸ்மன் என்ற வேதியியலாளர் நுண்ணுயிரிகளுக்கு மாவுச்சத்தைக் கொடுத்து அசிட்டோன் வடித்துக்கொண்டிருந்தார். கடற்படை அமைச்சர் சர்ச்சில் அவரை அழைத்தார். எவ்வளவு வேண்டும் என்று சொன்னார். வெய்ஸ்மன் பின்னாளில் எழுதியபடி, அந்த அளவு 30,000 டன்.

அவரிடம் அப்போது இருந்தது ஆய்வுக்கூடத்தில் வடித்த அளவுதான்.

(தொடரும்)