மண் தொடாச் செடிகள்

கேலாங் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளின் நடைவழியில் மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். துளசித் தொட்டிக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் மேலே, கம்பியில் நரைத்த தாடிபோல் ஒரு செடி தொங்கும். அதற்குத் தொட்டியில்லை, மண்ணில்லை. வீட்டின் உள்ளேயும் மரக்கட்டையிலும் கிளிஞ்சலிலும் அதன் உறவினங்கள் சிலவற்றை அமர்த்தி அழகு பார்க்கின்றனர். இவற்றைக் காற்றுச்செடிகள் என்கிறோம்.

"இது புல்லுருவிதானே, ஐயா?" என்று மாணவன் ஒருவன் ஒருமுறை என்னைக் கேட்டான். அன்று என்பதை மறுத்துரைத்தேன். புல்லுருவி தான் பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. காற்றுச்செடியோ மரத்தை இருக்கையாகக் கொள்வதேயன்றி உணவாகக் கொள்வதில்லை. மழைநீரும் பனியும் காற்றில் வரும் தூசியுமே அதன் உணவு. இத்தகையவற்றைத் தாவர நூலார் தொற்றுத் தாவரங்கள் என்பர். ஆர்கிட் இனங்கள் பலவும் இவ்வகையினவே.

ஆயினும் அம்மாணவனின் மயக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. புல்லுருவியையும் மரத்தின்மேல் வளரும் பிற செடிகளையும் வேறுபாடின்றிக் குறிக்க வடமொழியில் 'வந்தா' என்றொரு சொல் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் அச்சொல்லைத் தாவரவியலுக்குள் கொண்டு வந்தார். 'வாண்டா' என்னும் ஆர்கிட் பேரினப் பெயர் அதன் வழி வந்ததே. குற்றமற்ற செடிக்குக் குற்றவாளியின் பெயர் வாய்த்த கதை இது.

இச்செடிகள் வீட்டினுள் புகுந்த வரலாறு இலண்டனில் தொடங்குகிறது. 1829-ஆம் ஆண்டையொட்டி, நத்தானியேல் வார்டு என்னும் மருத்துவர், மூடிய கண்ணாடிக் கலத்தினுள் பன்னம் ஒன்று தானே முளைத்துச் செழித்ததைக் கண்டார். நகரத்துப் புகை அதனைத் தீண்டவில்லை. அவர் செய்த கண்ணாடிப் பேழைகளில் வெப்ப நாட்டுச் செடிகள் கடல் கடந்து உயிரோடு சென்று சேர்ந்தன. செல்வர் இல்லங்களில் ஆர்கிட் மோகம் பரவியது. அம்மோகத்தைத் தணிக்கக் காடுகளில் செடி தேடுவோர் புகுந்தனர். உயரக் கிளையிலுள்ள செடியைப் பறிப்பதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தோரும் உண்டு.

விதையிலிருந்து வளர்க்கலாகாதா என்று கேட்கலாம். ஆர்கிட் விதை தூசியினும் நுண்ணியது. முளைக்கு வேண்டிய உணவு அதனுள் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையால்தான் அது முளைக்கிறது. 1922-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த கடற்பாசிக் கூழில் பூஞ்சையின்றியே அதனை முளைக்கச் செய்யும் முறையை வெளியிட்டார். இம்முறைக்குச் சிங்கப்பூரில் நல்லதொரு வீடு கிடைத்தது.

நம் முன்னோர் 'பூமலை' என்று அன்போடு அழைத்த சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் 1859-இல் அமைந்தது. அதன் இயக்குநர் ரிட்லி, ஆர்மீனியப் பெண்மணி ஆக்னெஸ் ஜோக்கிமின் தோட்டத்தில் மலர்ந்த கலப்பின வாண்டாவை 1893-இல் உலகிற்கு அறிவித்தார். 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், அன்றைய கலாசார அமைச்சர் எஸ். தனபாலன் அம்மலரை நாட்டு மலராக அறிவித்தார். 'வந்தா' என்று பழிக்கப்பட்ட பெயர் ஒரு நாட்டின் அடையாளமாயிற்று!

ரிட்லிக்குப் பின் வந்த இயக்குநர்களுள் ஒருவரான ஹோல்ட்டம், 1928-இல் நட்சனின் முறையைக் கைக்கொண்டு தோட்டத்தில் கலப்பின ஆர்கிட் வளர்ப்பைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அவரும் நண்பர்களும் மலாயா ஆர்கிட் சங்கத்தை நிறுவினர். 1931-இல் முதற் கலப்பினம் பூத்தது. காட்டைக் கொள்ளையிடாமல் குடுவையில் பிறந்த செடி, சாதாரண மக்களின் வீட்டு முகப்பிற்கும் வந்து சேர வழி திறந்தது.

ஆனால் அதற்குள் காடு மிகவும் சுருங்கிவிட்டது. கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரின் பெருங்காடுகள் அழிந்தன. இத்தீவில் பதிவான ஆர்கிட் இனங்கள் இருநூறுக்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவை இயற்கையில் மறைந்தன. மரம் போனால் மரத்தைப் பற்றியது எங்கே நிற்கும்? சாளரங்களில் புதுக் கலப்பினங்கள் சிரித்த காலத்தில், சொந்த மண்ணின் இனங்கள் ஓசையின்றி விடைபெற்றிருந்தன. இவ்வாறு மறைந்த புலி ஆர்கிட் போன்றவற்றைத் தோட்டத்தார் விதையிலிருந்து வளர்த்துச் சாலையோர மரங்களில் மீண்டும் பொருத்தி வருகின்றனர். 1876-இல் அயலிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரங்கள் இன்று இந்நாட்டுப் பன்னங்களையும் ஆர்கிட்களையும் தாங்கி நிற்பதைக் காணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

நம் நடைவழித் தாடிச்செடி தில்லாண்ட்சியா என்னும் பேரினத்தது. அமெரிக்கக் கண்டங்களே அதன் தாயகம். தில்லாண்ட்ஸ் என்னும் மருத்துவர் நீர்ப்பயணத்திற்கு அஞ்சிக் கடலைச் சுற்றி நடந்தே சென்றவர் என்பது கதை. அச்செடியும் நீரை வெறுப்பது எனக் கருதி லின்னேயஸ் அவர் பெயரை அதற்கு இட்டார். இதுவும் தவறான தீர்ப்பே. அதன் இலைகளைப் போர்த்துள்ள வெண்செதில்கள் நீரை உறிஞ்சுவதற்கென்றே அமைந்தவை. ஆகவே நீரே வேண்டாம் என்று விட்டுவிடின் குளிர்சாதன அறையில் அது காய்ந்து மடியும். மூடிய கண்ணாடிக் குடுவையில் ஈரத்தோடு வைப்பின் நடுக்குருத்து அழுகும். நீரில் நனைத்துத் தலைகீழாக உதறி, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் உலரவிடுதலே முறை.

வளர்ப்போர் அறிய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அழகுக்காகப் பெரிதும் விரும்பப்படும் ஜீரோகிராபிகா என்னும் தில்லாண்ட்சியா, அனைத்துலக வாணிப உடன்படிக்கையின் காப்புப் பட்டியலில் உள்ளது. காட்டில் பறித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று விற்பவரைக் கேட்டு வாங்குதல் நம் கடமையாகும்.

அம்மாணவன் மீண்டும் வந்து கேட்பானாயின், என் விடையைச் சற்று விரித்துரைப்பேன். தம்பி, பற்றி வாழ்வது வேறு. உறிஞ்சி வாழ்வது வேறு. இச்செடி எந்த மரத்தையும் கொன்றதில்லை. அதன் அழகுக்காக மரத்தை வீழ்த்தியவன் மனிதனே. புல்லுருவி என்னும் பெயர் யாருக்குப் பொருந்தும் என்பதை நீயே எண்ணிப் பார்.