வழக்குத் தீர்த்த தீவு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே ஆழங்குறைந்த கடலிலே சிதறிக் கிடக்கும் தீவுகளுள், புங்குடுதீவுக்கு மேற்கே, ஒன்றரைச் சதுர மைலுக்குச் சற்றே மேற்பட்ட பரப்புடன் பனையும் மணலுமாய் விளங்கும் நயினாதீவு, நிலவளத்தினாலோ சனத்தொகையினாலோ பெயர் பெற்றதன்று. ஆயினும் பாக்குநீரிணையைக் கடந்து ஊர்காவற்றுறையை நோக்கி வந்த பண்டை மரக்கலங்களின் வழிக்கு அணித்தாக அமைந்தமையால், சைவருக்கும் பௌத்தருக்கும் ஒருங்கே புண்ணிய ஸ்தலமாகிய இச்சிறு தீவைச் சுற்றி எழுந்த ஐதிகங்கள் பல. அவற்றை இங்குள்ள கல்வெட்டோடு அருகருகே வைத்து வாசிப்பவருக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு வழக்கும் அதற்கு ஒரு தீர்ப்பும் இருப்பது புலனாகும்.

முதலில் ஊர் மக்கள் சொல்லும் கதையை எடுத்துக்கொள்வோம். அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து நாகமொன்று நாடோறும் வாயிலே பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்திக் கடந்து அம்பிகையைப் பூசித்து வந்தது. ஒருநாள் கருடன் அதனைக் கண்டு கொல்லப் பாய, நாகம் கடலினிடையே நின்ற கல்லொன்றைச் சுற்றிக்கொண்டு உயிர் தப்ப, கருடனும் எதிரே மற்றொரு கல்லின்மேல் இறங்கிக் காத்திருந்தது. அவ்வேளை அவ்வழியே கப்பலில் வந்த சோழநாட்டு வணிகன் ஒருவன் (மாநாய்கன் என்று அவனுக்குப் பெயர் சொல்வாரும் உளர்) இரண்டுக்கும் இடையே நின்று, நாகத்தை விட்டுவிடும்படி கருடனை வேண்டினான். அம்பிகைக்கு நீ ஆலயம் எடுப்பதானால் விடுவேன் என்றது கருடன், வணிகன் இசைந்தான், கருடனும் தன் பிழை தீரக் கடலில் மும்முறை மூழ்கி எழுந்து பறந்து சென்றது. பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் கோயிலுக்கு அணித்தே கரையோரக் கடலில் இன்றும் மக்கள் காட்டும் கற்கள் இக்கதையின் சாட்சிகள். இதில் என் மனத்தைக் கவர்வது அற்புதமன்று. பிறவிப் பகைவர் இருவரைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு ஒரு முனிவரிடமோ அரசனிடமோ விடப்படாமல், வழிப்போக்கனாகிய ஒரு வியாபாரியிடம் விடப்பட்டிருப்பதே. கப்பலேறி வந்த அந்நியனை மத்தியஸ்தனாக வைத்துக் கதை சொல்லும் மக்கள், கப்பல்களை நெடுங்காலம் கண்டு பழகியவராகவே இருத்தல் வேண்டும்.

பௌத்தர் கூறுவதும் ஒரு வழக்கின் கதையே. மாமனும் மருமகனுமாகிய மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணியாசனம் ஒன்றுக்காகப் படை திரட்டி நின்றபோது, புத்தர், இத்தீவே என்று அவர்கள் கொள்ளும் நாகதீபத்துக்கு எழுந்தருளித் தருமம் உபதேசித்து அவர்களை இணக்கினார் என்று மகாவம்சம் உரைக்கிறது. மணிமேகலைக் காப்பியத்திலும் மணிபல்லவத்துப் புத்த பீடிகைக்கு இத்தகைய வரலாறே சொல்லப்படுகிறது. அங்குள்ள கோமுகிப் பொய்கையிலேதான் வைகாசி விசாகத்தன்று அள்ளக் குறையாத அன்னபாத்திரமாகிய அமுதசுரபி வெளிப்படும். மணிபல்லவம் இதுவேதான் என்று சாதிப்பவரோடு நான் முழுவதும் உடன்படேன். 1936ஆம் ஆண்டு வல்லிபுரத்தில் அகப்பட்டதும், வசப மன்னன் காலத்தைச் சார்ந்ததுமான பொற்சாசனத்தில் நாகதீவம் என்பது ஓர் அமைச்சனின் ஆட்சிக்கு உட்பட்ட நாடாகக் குறிக்கப்படுவதால், அக்காலத்தில் அப்பெயர் குடாநாடு முழுவதையுமே சுட்டியிருத்தல் கூடும். எனினும், பெருநிலப்பரப்பு கைவிட்ட பெயரையும் கதையையும் இச்சிறு தீவு கைவிடாமல் காத்துவந்தமை அதன் பெருமையைக் குறைப்பதாகாது.

இனி ஐதிகத்தை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஈழத்தை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம், பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னன் தன் ஆணையைத் தமிழிலே பொறிப்பித்தது, அதைப் படிக்க வேண்டிய வணிகரின் மொழி அதுவாக இருந்தமையாலன்றோ! பரதேசிகள் ஊராத்துறையிலே (இன்றைய ஊர்காவற்றுறையிலே) வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்று கூறும் அச்சாசனம், அடுத்து உடைந்த கப்பலின் வழக்கை எடுத்துக்கொள்கிறது. மன்னனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெடுமாயின் நான்கில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றிய மரக்கலம் கெடுமாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

யானை மலிந்த ஈழத்துக்கு யானை இறக்குமதியா என்று வியப்பவர், இம்மன்னன் பர்மாவின்மீது படையெடுத்ததற்கு அந்நாட்டரசன் யானை வியாபாரத்தைத் தடுத்தமையும் ஒரு காரணம் என்று சூளவம்சம் கூறுவதை நினைவுகூர்க. குதிரையோ கடல் கடந்தே வரவேண்டிய பொருள். ஆகவே அவற்றைக் கொணர்வோனுக்கு நட்டத்திலும் சலுகை. பாதியைப் பண்டாரம் எடுத்துக்கொள்வது கொடுமை எனத் தோன்றலாம். ஆனால் கரையில் ஒதுங்கிய கப்பலின் சரக்கு முழுவதையும் அரசர் கவர்ந்துகொள்வது பல கரைகளில் வழக்கமாயிருந்த காலம் அது. ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் முன்னை அரசரின் அவ்வழக்கத்தை நீக்கி வணிகருக்கு அபயம் அளித்தது 1244இல்; நயினாதீவுச் சாசனம் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்டது. அதே ஊராத்துறையில் பராக்கிரமபாகு சோழநாட்டின்மேல் செல்லக் கப்பல் கட்டிப் படை சேர்த்தான் எனத் திருவாலங்காட்டுச் சோழர் சாசனம் சொல்வதையும் சேர்த்து நோக்கினால், யுத்தத்துக்கும் வாணிபத்துக்கும் ஒரே துறை உதவியமை விளங்கும்.

போர்த்துக்கேயர் காலத்தில் கோயில் இடிபட்டது. ஒல்லாந்தர் தம் ஊர்ப்பெயரை இட்டு இத்தீவை ஹார்லெம் என்றனர், அப்பெயர் நிலைக்கவில்லை. 1788இல் கோயில் மீண்டும் எழுந்தது. ஆனிமாத உற்சவத்தின்போது குறிகாட்டுவான் துறையில் யாத்திரிகர் படகுக்கு நெருக்குவதையும், அமுதசுரபியின் பெயர் தாங்கிய அன்னதான மண்டபத்தில் சாதிமத பேதமின்றி வரிசையாய் அமர்ந்து உண்பதையும் கண்டோர் பலர். அவர்களுள் பராக்கிரமபாகுவின் சாசனத்தின் பொருளை அறிந்தோர் மிகச் சிலரே. கப்பலோட்டியின் நட்டத்தைப் பங்கிட்டுத் தந்த இவ்வாணையை, இத்தீவின் பாடசாலைப் பிள்ளைகள் வரலாற்று ஆசிரியரோடு கோயிலுக்குச் சென்று எழுத்தெழுத்தாய்ப் பார்த்து வாசித்துப் பழகுமாறும், அதன் வாசகம் இக்கால எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பெற்று, அம்மன் கோயிலுக்கு வருவோர்க்கும் இத்தீவின் பௌத்த ஆலயமாகிய நாகவிகாரைக்கு வருவோர்க்கும் ஒருங்கே கிடைக்குமாறும் பெரியோர் ஆவன செய்தல் வேண்டும்.