வழக்கேடுகளில் பெயர்மறைப்பு: எச்.ஐ.வி. சோதனையும் அந்தரங்க உரிமையும்

ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்துச் சுட்டுவது இயற்பெயரின் பணியாகும். அப்பணியே ஒருவருக்குத் தீங்காவதும் உண்டு. எச்.ஐ.வி. சோதனை தொடர்பாக இந்தியாவில் எழுந்த வழக்குகளின் பெயர்களைக் கொண்டு அந்தரங்க உரிமையின் வரலாற்றை இக்கட்டுரை நோக்குகின்றது.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. கோவாவில் பொதுச் சுகாதாரச் சட்டத் திருத்தம், தொற்றுடையோரைத் தனிமைப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1989இல் அங்குக் குருதிக்கொடையாளர் ஒருவர் அச்சட்டத்தின்கீழ் 64 நாள் அடைத்துவைக்கப்பட்டார். அவர்தம் தாயார் தொடுத்த வழக்கு, 'லூசி டிசௌசா எதிர் கோவா மாநிலம்' எனக் குடும்பப் பெயருடனேயே 1990ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்றது. தனியுரிமை பொதுநலனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கூறிய பம்பாய் உயர்நீதிமன்றம், அச்சட்டம் செல்லும் என்றது.

1997இல் அதே நீதிமன்றத்தில் நிலை மாறிற்று. சோதனை முடிவைக் காட்டி வேலை மறுக்கப்பட்ட தொழிலாளி ஒருவர், 'எம்.எக்ஸ்.' என்னும் எழுத்துகளால் குறிக்கப்பட்டார், நிறுவனமும் 'இசட்.ஒய்.' ஆயிற்று. பணியாற்றும் தகுதியும் பிறருக்குத் தீங்கு நேராத நிலையும் உள்ள ஒருவருக்குத் தொற்றை மட்டும் காட்டி வேலை மறுத்தல் கூடாது என்று தீர்ப்பாயிற்று. பெயரை இழக்காமல் நீதி கேட்க வழி பிறந்தது எனலாம்.

ஆயினும் எழுத்து மட்டுமே காப்பாகிவிடாது. 1998இல் உச்சநீதிமன்றத்திற்கு வந்த 'திரு. எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்' வழக்கில் ஏட்டில் பெயர் மறைந்தது. ஊரிலோ அது முன்பே வெளிப்பட்டிருந்தது. மருத்துவமனை முடிவை வெளியிட்டதால் அவர் திருமணம் நின்றது. மணக்கவிருந்த பெண்ணின் உடல்நலவுரிமையைக் கருதி, அவ்வெளியீடு உரிமைமீறல் ஆகாது என்றது நீதிமன்றம். தொற்றுடையோரின் திருமண உரிமை பற்றி அத்தீர்ப்புக் கூறிய கருத்துகள் தேவையற்றவை என 2002இல் உச்சநீதிமன்றமே தெளிவுபடுத்தியது.

2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வரலாற்றை விதிகளாக்கிற்று. விவரம் அறிந்து தரும் இசைவின்றிச் சோதனை கூடாது என்பது 5ஆம் பிரிவு. புனைபெயரில் வழக்கு நடத்த இடமளிப்பது 34ஆம் பிரிவு. துணைவருக்குத் தெரிவித்தலுக்கும் 9ஆம் பிரிவில் வரையறை உண்டு.

'இசைவு' என்னும் சொல்லுக்கு உடன்பாடு, பொருத்தம் என்னும் பொருள்கள் உள. சொல்லப்படாததற்கு ஒருவர் உடன்பட இயலாது. கோவாவில் குருதி கொடுத்தவரிடம் கேட்கப்படாத கேள்வியை முதலிற் கேட்க வேண்டும் என்பதே 5ஆம் பிரிவின் உட்கிடை. அது கேட்கப்படும் இடத்தில் 34ஆம் பிரிவின் தேவை குறையும்.