கூப்பிடுதூரம்

தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் சபை ஒன்றில் சாட்சிக் கூட்டம். அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் எழுந்தார். "சின்ன வயசுல ஊழியத்துக்குப் போகணும்னு ரொம்ப ஜெபிச்சேன். எனக்கு அழைப்பு கிடைக்கல. அதனால வேலைக்குப் போயிட்டேன்" என்றார். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த 'அதனால' மட்டும் வீடுவரை என்னோடு வந்தது.

"அவருக்கு அழைப்பு இருக்கு" என்று சபையில் சொன்னால், உத்தியோகத்தை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறார் என்று அர்த்தம். கத்தோலிக்கர் தேவ அழைத்தல் என்பார்கள், இப்போது இறையழைத்தல். அதுவும் குருமடத்தையோ கன்னியர் மடத்தையோதான் நினைவூட்டும். திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கிய இறையழைத்தல் ஞாயிறு 1964இல் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது. தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதும் அதே ஆண்டுதான். ஆனாலும் அந்தச் சொல் மடத்து வாசலைத் தாண்டித் தெருவுக்கு வரவில்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'கலேயோ' என்றால் அழை, 'கிளேசிஸ்' அழைப்பு. சபைக்கு அங்கே பெயர் 'எக்ளேசியா'. ஏதென்ஸ் நகரக் குடிமக்கள் கூடிய பேரவைக்கும் அதுதான் பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே கலேயோ இருக்கிறது. அப்படியென்றால் ஞாயிறு காலையில் பெஞ்சில் வந்து உட்காரும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே அழைப்புப் பெற்றவர். நாம் எடுத்துக்கொண்ட 'சபை' என்ற வடசொல்லில் அந்தக் குரல் கேட்பதில்லை.

லத்தீனில் 'வொகாட்சியோ'. இடைக்கால ஐரோப்பாவில் அது துறவிக்கும் குருவுக்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. மார்ட்டின் லுத்தர்தான் 'பெரூஃப்' என்ற ஜெர்மன் சொல்லை மடத்திலிருந்து அடுப்படிக்கும் பட்டறைக்கும் கொண்டுவந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டும் தாயும் செருப்புத் தைப்பவரும் கடவுளின் அழைப்பிலேயே நிற்கிறார்கள் என்றார். இன்று ஒரு ஜெர்மானியரிடம் பெரூஃப் என்னவென்று கேட்டால் தச்சர், நர்ஸ் என்று தொழிலைத்தான் சொல்வார்.

அந்த லுத்தரின் வழியில் வந்த மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி முடிந்தது. ஆனால் பெரூஃபின் அன்றாடப் பொருள் தமிழில் தங்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில், அவரவர் அழைப்பில் நிலைத்திருக்க அப்போஸ்தலர் பவுல் சொல்லும் இடத்தில், நம் பழைய மொழிபெயர்ப்பு 'நிலைமை' என்றே போடுகிறது. இதற்காக நான் நெடுநாள் வருத்தப்பட்டதுண்டு. இப்போது வருத்தமில்லை. தொழிலே தேவ அழைப்பு என்று இந்த மண்ணில் சொல்லியிருந்தால் குலத்தொழிலுக்கு முத்திரை குத்த அது போதும். பறையடிக்கிறவரையும் மலம் அள்ளுகிறவரையும் அங்கேயே நிறுத்திவைக்க ஒரு வசனம் கிடைத்திருக்கும். விடுதலை பெற வழி கிடைத்தால் அடிமை அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று பவுல் உடனே அடுத்து எழுதுவதை எத்தனை பேர் சேர்த்து வாசித்திருப்பார்கள்?

ஊழியம் என்ற சொல்லின் கதையும் லேசானதல்ல. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கிய வேலைக்கு ஊழியம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்கு வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய கோரிக்கை. முதுகை ஒடித்த அந்தச் சொல்லையே நம் முன்னோர் ஆண்டவருக்கு மனமுவந்து செய்யும் பணிக்கும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தமிழ் 'அழை'க்குக் கிரேக்கத்திலும் ஜெர்மனிலும் இல்லாத ஒரு பொருள் உண்டு. கூப்பிடுவது குரலோடு முடிந்துவிடும். அழைப்பது அங்கே முடியாது. "அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்" என்றால் கையைப் பிடித்துக் கூடவே நடந்தார் என்று பொருள். மாப்பிள்ளை அழைப்பு என்றால் எதிரே போய்ப் பக்கத்தில் நின்று கூட்டிவருவது. அழைப்பை எப்படி உறுதிப்படுத்திக்கொள்வது என்று வசன அட்டை எடுத்துப் பார்த்துத் தவிக்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். போகும் வழி முழுக்க ஆண்டவர் கூட வருகிறார் என்பது தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வேதாகமத்துச் சிறுவன் சாமுவேலுக்கே முதலில் பிடிபடவில்லை. இரவில் குரல் கேட்டு, கண் மங்கிய கிழவர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று மூன்று முறை எழுந்து ஓடினான். அதை அவன் தவறு என்கிறோம். கிழவர் கூப்பிட்டால் எழுந்து ஓடிப் பழகிய கால் அது. அந்தப் பழக்கத்துக்குள்தான் ஆண்டவரின் குரலும் வந்தது.

லத்தீனில் வொகாட்சியோவும், ஒருவரைக் கூப்பிடும் விளிவேற்றுமையின் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. விளிக்கென்றே தொல்காப்பியத்தில் ஓர் இயல் இருக்கிறது: விளிமரபு. அருகில் இருப்பவரை விளிப்பது ஒருவிதம், தொலைவில் இருப்பவரை ஓசை நீட்டி விளிப்பது வேறுவிதம் என்று அது பிரிக்கிறது. பிறகொரு நாள் அந்த நர்ஸ் அம்மாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "வார்டுலயும் அதேதான். முதல் பெட்டுன்னா 'சிஸ்டர்'னு முடிச்சுருவாங்க. கடைசி பெட்டுன்னா 'சிஸ்டரேஏஏ'ன்னு இழுப்பாங்க. இருட்டுலயே எந்த பெட்டுன்னு தெரிஞ்சுடும்."

"நாலு பேர் ஒரே சமயத்துல கூப்பிட்டா யார்கிட்ட முதல்ல போவீங்கம்மா?"

"சத்தமா கூப்பிடுறவங்களுக்குத் தெம்பு இருக்குய்யா. முனகுறவங்ககிட்டதான் முதல்ல ஓடுவேன். அதுவும் கூப்பிடாமலே இருக்கிறவங்க இருக்காங்களே, அவங்களத்தான் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டே இருக்கணும்."

இடுப்பெலும்பு ஒடிந்து, ஆபரேஷன் முடிந்து, நடக்கவே பயந்துகிடந்த ஒரு பாட்டியைப் பற்றியும் சொன்னார். ஒரு காலையில் டூட்டி முடிந்து கிளம்பும் நேரம். பாட்டி இவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய அந்த வாசல் வரைக்கும் அழைச்சிட்டுப் போம்மா, வெயில் பாக்கணும்" என்றாராம். பையைக் கீழே வைத்துவிட்டு, பாட்டியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். பதினைந்து அடி தூரம் இருக்கும். அரை மணி நேரம் ஆனதாம்.